துறைமுகத்துக்கு மேலே மூன்றாவது வீடு

"படம் எங்கே?" என்று முதலாளி மக்ரே கேட்டார்.

இரத்தினசிங்கம் கைக்குட்டையை எடுத்தார்.

லண்டனில் தங்கையின் கல்யாணம் என்று ஆறு கிழமை லீவு கேட்டபோது, அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்கொட்லாந்துக் கடலோரத்தில் கில்பிறேக் என்றொரு பழைய மீனவக் கிராமம். துறைமுகத்துக்கு மேலே மூன்றாவது வீட்டில்தான் மக்ரேயின் பூட்டன், தாத்தாவின் தகப்பன், பிறந்தாராம். மக்ரேக்கு விமானம் என்றால் நடுக்கம். அதனால் தானே போய்ப் படம் எடுத்து வருவதாகச் சொன்ன இரத்தினசிங்கம், லண்டனை விட்டு அசையவில்லை.

சொந்த ஊரான கொக்குவிலில் இருக்கும் தம்பி சிறியை மெல்பேர்ணுக்கு எடுக்க, மக்ரே ஒரு வேலைக் கடிதம் தரவேண்டும். கடிதம் மேசையில் தயாராகக் கிடந்தது. கையெழுத்துத்தான் இல்லை.

"கமரா கடலுக்குள் விழுந்துவிட்டது, சேர்."

"போகட்டும். நீ படவரைஞன்தானே? வரைந்து தா."

வீட்டில் மனைவி சந்திரவதனா தலையில் கைவைத்தாள்.

"போகேல்லை எண்டு சொல்லியிருக்கலாமெல்லோ!"

"சொன்னா சிறி அங்கயே கிடக்க வேண்டியதுதான்."

"அப்ப கீறுங்கோ. சின்னனாக் கீறுங்கோ."

சின்னதாகக் கீற அவருக்கு வராது. ஒன்பது வருடப் பழக்கம். கதவு ஆறடி எட்டங்குலம். சுவர்த் தடிப்பு இரண்டடி. மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி.

"அளந்தாயா?" மக்ரேயின் கண் கலங்கிவிட்டது.

"காலடியால் அளந்தேன், சேர்."

மக்ரே படத்துக்குச் சட்டம் போட்டார். சிட்னிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஆக்னஸ் அத்தை வருகிறாள். எண்பத்தாறு வயது. சின்ன வயதில் அந்த வீட்டில் இருந்தவள், ஒவ்வொரு கல்லும் தெரியும். சனிக்கிழமை மனைவியோடு வா. அத்தை பார்த்ததும் கடிதத்தையும் தருகிறேன்."

சனி மத்தியானம். படம் மக்ரே வீட்டுச் சுவரில் தொங்கியது. கிழவி கண்ணாடியை மாட்டினாள். அவள் விரல் கதவில் நின்றது. ஜன்னலில் நின்றது. முற்றத்து மூலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"இது?"

இரத்தினசிங்கம் எட்டிப் பார்த்தார். தண்ணீர் இறைக்கும் துலாவும் வாளியுமாய் அவருடைய கொக்குவில் வீட்டுக் கிணறு. கை தன்பாட்டில் கீறியிருந்தது.

"கி... கிணறு, மேடம்."

சந்திரவதனா அவர் முழங்கையைக் கிள்ளினாள். "துலாவுமா வைச்சனியள்? சிறி வந்த மாதிரித்தான்."

மக்ரே பேனாவைத் திறந்தபடி நின்றார். "அத்தை?"

கிழவி இரத்தினசிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். வேர்வையையும் பார்த்தாள்.

"இதே வீடுதான்."

மக்ரே கையெழுத்து வைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேநீர் போட உள்ளே போனார்.

கிழவி இரத்தினசிங்கத்தைக் கிட்ட வரச் சொன்னாள்.

"எங்கள் தாத்தா லண்டனில் குதிரை திருடிக் கைதிக் கப்பலில் இங்கே வந்தவர், அதை எப்படிக் குழந்தையிடம் சொல்வது என்று நானே அவனுக்குக் கதையாய் ஒரு வீட்டை உண்டாக்கிக் கொடுத்தேன், நாற்பது வருஷத்தில் ஒரு கிணறு வைக்க எனக்குத் தோன்றவேயில்லை, பார்!"