வரைபடத்தில் இல்லாத பாறை

மலை ஏறுவதைப் பற்றி அதிகம் தெரிந்து வைத்திருப்பவர்கள் மலையே இல்லாத ஊர்க்காரர்கள்தான். அடிவாரத்தில் பிறந்தவனுக்கு மலை என்பது மாடு மேய்க்கிற இடம். அபிராமபுரத்தில் பிறந்த எனக்கோ அது லட்சியம், தத்துவம், இன்னும் என்னென்னவோ. எங்கள் தெருவில் இருந்த ஒரே உயரமான இடம் எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. அதில்கூட நான் ஏறியதில்லை. (ஏணி ஆடும்.)

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபது வயது. அடையாறில் ஒரு கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வடக்கே இமயமலையில் இருபத்தெட்டு நாள் மலையேற்றப் பயிற்சி தருகிறார்கள் என்று நூலகத்தில் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, எழுதிப் போட்டு விண்ணப்பம் வரவழைத்து, பூர்த்தியும் செய்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி. இருபது வயதானால் ஓட்டுப் போடலாம். ஆனால் பெண்பிள்ளை மலை ஏற வேண்டுமென்றால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அதே பக்கத்தில்தான், 'பயிற்சியின்போது ஏற்படும் காயத்துக்கோ மரணத்துக்கோ நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரி இருந்தது.

சாதாரண அப்பாவாக இருந்தால் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு செய்தித்தாளைப் பிரித்திருப்பார். என் அப்பா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில், இறப்புக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கிற பிரிவில் அதிகாரி. மனிதர்கள் எப்படியெல்லாம் செத்துப்போகிறார்கள் என்பதை இருபத்தைந்து வருஷமாக ஃபைல் ஃபைலாகப் படித்தவர். நான் மாம்பழம் நறுக்கினால்கூட, "கத்தியை உன் பக்கமாப் பிடிக்காதே, ஒரு கேஸ் வந்தது" என்பார்.

விண்ணப்பத்தை மூன்று முறை படித்துவிட்டு அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"மொதல்ல எங்களைக் கூட்டிண்டு போ. கொடைக்கானல் மலையில என் ஃப்ரெண்டுக்கு ஒரு எஸ்டேட் இருக்கு. மூணு நாள் கூடாரம் அடிச்சுத் தங்குவோம். எங்கே நடக்கறது, எதுல ஏறறது, எல்லாம் நீதான் முடிவு பண்ணணும். போனவா எல்லாரும் முழுசாத் திரும்பி வந்தா கையெழுத்துப் போடறேன்."

இதைவிட நியாயமான பந்தயம் உண்டா? இமயமலைக்கும் எனக்கும் நடுவே இருந்தது மூன்று நாள் பிக்னிக். நான் ஏறக்குறைய கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டேன்.

குழு மொத்தம் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அத்திம்பேர். அக்காவுக்கு பாங்கில் லீவு கிடைக்கவில்லை. அவள் கணவருக்கு எப்போதும் லீவு கிடைக்கும். அத்திம்பேர் கல்லூரி நாட்களில் காக்கி உடுப்புப் போட்டு அணிவகுத்தவர். அதனால் ராணுவம் சம்பந்தப்பட்ட எல்லாமே தனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார். தலைதீபாவளி முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. புது மாப்பிள்ளை சொல்வதை எங்கள் வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். மழை பெய்கிறபோது வெயில் என்றால்கூட அம்மா வடாம் பிழியத் தயாராக இருந்தாள்.

பயிற்சியை உடனே தொடங்கினேன். மெட்ராஸில் மலை என்றால் பரங்கிமலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுகுப் பையில் பாரம் ஏற்றிக்கொண்டு அதன் படிகளில் மூன்று முறை ஏறி இறங்கினேன். பாரத்துக்கு அகப்பட்டது எங்கள் வீட்டு அம்மிக்குழவி. திரும்பி வரும்போது, பையைத் தூக்கி உள்ளே வைத்த ஆட்டோக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, பைக்குள்ள இன்னா வெச்சிக்கினு கீற?"

"குழவிக்கல்."

"அத்த இன்னாத்துக்கு மலைக்கு இட்டுக்கினு போன? வேண்டுதலா?"

"ட்ரெய்னிங்."

அவர் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார். அபிராமபுரத்தில் பையை இறக்க அவர் சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் அம்மா துவையல் அரைக்க வழியில்லாமல் வெறும் அம்மியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் என் உண்மையான மேதைமை வெளிப்பட்டது சிகரத் தேர்வில்தான். கல்லூரி பூகோள ஆசிரியையிடம் அந்த மலைப்பகுதியின் வரைபடத்தைக் கெஞ்சி வாங்கி, மயிலாப்பூரில் ஜெராக்ஸ் எடுத்து, நான்கு தாள்களை ஒட்டிச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். மூலைக்கு ஒன்றாக ரசப் பாத்திரம், நெய்க் கிண்ணம், ஊறுகாய் ஜாடி, அத்திம்பேரின் முழங்கை. ஃபுல்ஸ்கேப் தாளில் பதினோரு இடங்களை எழுதி, 'சுலபம்', 'சுமார்', 'சூரர்களுக்கு' என்று தரம் வேறு பிரித்திருந்தேன். அதுவரை நான் ஏறிய மலைகளின் எண்ணிக்கை ஒன்று. அதற்கும் படிக்கட்டு இருந்தது.

அப்பா சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"அருவி?"

"சுலபம்பா. நாலு கிலோமீட்டர்தான்."

"வழுக்கும். ஒரு கேஸ் வந்தது. அடிச்சுடு. இது என்ன, குகை?"

"அதுவும் சுலபம்தான்."

"வௌவால். ரெண்டு கேஸ்."

இப்படியே ஒன்பது இடங்கள் மரணமடைந்தன. மிஞ்சியவை இரண்டு. முதல் நாளுக்கு ஓடைக்கரையோரமாக ஒரு நடை. இரண்டாம் நாளுக்கு மொட்டைப் பாறை என்ற சிகரம், கடைசிப் பகுதியில் கையையும் காலையும் ஊன்றிப் பாறையில் தொற்றி ஏற வேண்டியது. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இமயமலைக்குப் போகப்போகிறவள் ஓடைக்கரையில் நடந்தேன் என்றா சொல்லிக்கொள்வது?

"உச்சியில உட்கார நெழல் இருக்குமோடி?" என்றாள் அம்மா.

"அம்மா, அது சிகரம். பஸ் ஸ்டாப் இல்லை."

வரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வளைவு வளைவாகக் கோடு போட்டிருப்பார்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சரிவு குறைவு. இந்த ஞானத்தை அடைந்து நான்கு நாள்தான் ஆகியிருந்ததால் அதை எல்லோருக்கும் வழங்கினேன்.

"மொட்டைப் பாறைக்குக் கிழக்குப் பக்கம் பாருங்கோ. இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம்! வெறும் வெள்ளை. மைதானம் மாதிரி."

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் எத்தனை உயர வித்தியாசம்?"

"இருபது மீட்டர்."

"அந்த இருபது மீட்டருக்குள்ள என்ன இருக்குன்னு இவாளுக்கு எப்படித் தெரியும்?"

"இருந்தா கோடு போட்டிருப்பாளேப்பா!"

"வசு சொல்றது கரெக்ட்," என்றார் அத்திம்பேர். விஷயம் முடிந்தது. மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

கூடாரம் கல்யாணச் சமையலுக்குப் பந்தல் போடுகிறவரிடம் இரவல் வாங்கியது. எஸ்டேட்டில் அதை விரித்து நிறுத்தியபோது ஒரு பக்கம் முழுக்க சாம்பார்க் கறை. மற்றபடி முதல் நாள் அமோகம். ஓடைக்கரையில் நடந்தோம், யாரும் சாகவில்லை. அத்திம்பேரின் கணுக்காலில் ஒரு அட்டை கடித்தது. அவர் அதைப் போர்க்களக் காயமாகப் பாவித்து நொண்டினார். ராத்திரி தூங்கப் போகும்போது, நான் மனசுக்குள் ஏற்கெனவே டேராடூன் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை எஸ்டேட் காவலாளி பழனிச்சாமி எங்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மொட்டைப் பாறைக்கா? கெழக்கால ஏன் போறீங்க? பின்னாடி மாட்டுப் பாதை இருக்கும்மா. பொம்பளைங்க புல்லறுக்கப் போற வழி. சல்லுனு போயிரலாம்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது. "நாங்க பாதையில நடக்க வரலை பழனிச்சாமி. சிகரம் ஏற வந்திருக்கோம்."

"ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான்மா போகுது," என்றார் அவர்.

பழனிச்சாமியையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து, வரைபடத்தின் வெள்ளை மைதானத்தை அடைந்தோம். மைதானம் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. கறுப்பாக, ஈரமாக, தி.நகர் ஜவுளிக்கடைக் கட்டடம் ஒன்றின் உயரத்தில் ஒரே பாறை. சுமார் பதினைந்து மீட்டர். இருபது மீட்டருக்கு ஒரு கோடு போடுகிற வரைபடத்தில், இரண்டு கோடுகளுக்கு நடுவே அது சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்தது. அப்பா பாறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

கொஞ்சமாவது புத்தி உள்ளவர்கள் அங்கேயே திரும்பியிருப்பார்கள். நான் வரைபடத்தைப் பிரித்து, பாறையைப் பார்த்து, மறுபடி வரைபடத்தைப் பார்த்து, "மேப்ல இது இல்லையே" என்றேன், பாறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடும் என்பதுபோல.

"ஒண்ணுமில்லை வசு. நாலு மிதி, மூணு பிடி," என்றார் அத்திம்பேர். "நீ முன்னால போ. நான் பின்னால வரேன்." தடுக்க வாயெடுத்த அப்பா, மாப்பிள்ளை சொல்லிவிட்டதால் மூடிக்கொண்டார்.

"எனக்கு இது ஒத்துக்காது," என்று அம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். "நான் பழனிச்சாமியோட அந்த மாட்டுப் பாதையிலயே வரேன்." சுங்குடிப் புடவை, ஹவாய்ச் செருப்பு, கையில் தூக்கு. பாவம், மலையேற்றம் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று இரக்கப்பட்டேன்.

முதல் ஐந்து மீட்டர் பிரமாதமாகப் போனது. பத்தாவது மீட்டரில் ஒரு விளிம்பு கிடைத்தது. ஒரு ஆள் நிற்கலாம். மூச்சை இழுத்துவிட்டால் நிற்க முடியாது. அதற்கு மேலே பாறை எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. சரி, இறங்கலாம் என்று பார்த்தால், ஏறும்போது கால் வைத்த மிதிகளை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கால் நடுங்க ஆரம்பித்தது. தையல் மிஷின் பெடல் மாதிரி, அதன்பாட்டுக்கு.

"அத்திம்பேர்! என்னால இறங்க முடியலை!"

எனக்கு மூன்று மீட்டர் கீழே ஒரு செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அத்திம்பேர், "கவலைப்படாதே, நான் போய் உதவி கூட்டிண்டு வரேன்!" என்று கத்திவிட்டு, அன்றைக்கு யாரும் காட்டாத வேகத்தில் சறுக்கி இறங்கினார். அட்டை கடித்த கால் அதற்குள் பூரண குணமாகியிருந்தது.

"வசு, கீழே பார்க்காதே!" இது அப்பா.

"பார்க்கலை!"

"மேலயும் பார்க்காதே!"

"வேற எங்கப்பா பார்க்கறது?"

"பாறையைப் பாரு. அதையே பாரு."

பார்த்தேன். பாறையில் ஒரு எறும்பு மேலே போய்க்கொண்டிருந்தது, கையெழுத்து எதுவும் இல்லாமல். கீழே அப்பா பேசவில்லை. ரொம்ப நேரம் பேசவில்லை. பாறையிலிருந்து விழுந்தவர்கள் பற்றி அவரிடம் குறைந்தது பத்துக் கேஸாவது இருக்கும், ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அப்போதுதான்.

"ஏண்டி, அங்கே என்ன பண்ணிண்டிருக்கே?"

குரல் மேலேயிருந்து வந்தது. பாறை உச்சியின் ஓரத்தில் அம்மாவின் முகம் தெரிந்தது.

"அம்மா! நீ எப்போ வந்தே?"

"அரை மணி ஆச்சு. மேலே நல்ல நெழல்டி. பெரிய மரம் ஒண்ணு இருக்கு. தயிர்சாதத்தைப் பிரிச்சு வெச்சுண்டு உன்னைத்தான் தேடிண்டிருக்கேன்."

அவளுக்குப் பக்கத்தில் பழனிச்சாமியின் தலை வந்தது. பிறகு முண்டாசு கட்டிய நான்கு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். புல்லறுக்க வந்தவர்கள். என்னை ஆற அமரப் பார்த்தார்கள்.

"ஏ ஆத்தி, இந்தப் புள்ள ஏன் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிது?"

"வழி தெரியல போல."

"இம்புட்டு அகலப் பாதை இருக்கு, கண்ணு தெரியாதா?"

"மெட்ராஸ் புள்ளக்கா."

"அப்பச் சரி."

மேய்ந்துகொண்டிருந்த மூன்று மாடுகளின் கயிறுகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து கீழே விட்டார்கள். கயிறு என் மூக்கருகே வந்து நின்றது. சாணி வாசனை. "கக்கத்துக்குக் கீழ சுத்திக் கட்டு தாயி," என்று மூத்தவள் கட்டளையிட்டாள். கட்டினேன். ஐந்து பேரும் 'ஏலேலோ' பாடாத குறையாக இழுத்தார்கள். முழங்கால், முகவாய், தன்மானம் எல்லாம் வரிசையாகப் பாறையில் உரச, மொட்டைப் பாறைச் சிகரத்தை நான் வயிற்றால் அடைந்தேன். அவிழ்த்துவிட்ட மாடு ஒன்று வந்து என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் மாட்டுப் பாதையில் அப்பா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவர், தயிர்சாதம் சாப்பிடுகிறபோதுகூட விடவில்லை. நான் இடது கையால் சாப்பிட்டேன். அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை.

அபிராமபுரம் திரும்பியதும் விண்ணப்பத்தைப் பழைய பேப்பர்க் கட்டுக்குள் செருகிவிட்டேன். இமயமலை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து அப்பா ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றாமல் கேட்டார்: "அந்த ஃபாரம் எங்கே?"

எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

"நான் மாட்டிண்டேனேப்பா..."

"அதனாலதான். உனக்கு எறங்கத் தெரியலை. தெரியாதுன்னு உனக்கே தெரியலை. நான் கையெழுத்துப் போடலேன்னா நீ ஏறாம இருக்கப் போறியா? என்கிட்ட வந்த கேஸ்ல கத்துண்டு ஏறினவா கம்மி. மேப்பை நம்பி ஏறினவாதான் ஜாஸ்தி. போ, கத்துண்டு வா."

அதோடு விட்டிருக்கலாம். 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில், கொடைக்கானல் கிளம்புமுன்பே நான் நம்பிக்கையோடு எழுதி வைத்திருந்த 'சிகரம் ஏறியிருக்கிறேன்' என்பதை அடித்துவிட்டு, அலுவலக ஆங்கிலத்தில், 'ஒரு பாறை. மூன்று மாட்டுக் கயிறுகளின் உதவியுடன்' என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார். பயிற்சியின் முதல் நாள் தலைமைப் பயிற்சியாளர் நாற்பது பேர் முன்னால் அதைச் சத்தமாக வாசித்தார். முதல் வாரம் முழுக்க என்னை இறங்க மட்டும்தான் விட்டார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ மலைகள் ஏறிவிட்டேன். இரண்டு மூன்று சான்றிதழ்கள் சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்குகின்றன. எங்கள் குடும்பத்தில் அவற்றுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. போன மாதம் வடபழனியில் ஒரு கல்யாணம். சம்பந்தி வீட்டுக்காரர்களிடம் அத்திம்பேர் பெருமையாக, "இவதான் எங்காத்து மலையேறி. மொட்டைப் பாறைன்னு செங்குத்தா ஒண்ணு, அந்த வயசுலயே ஏறினா. நான்தான் பின்னாலேர்ந்து தைரியம் சொன்னேன்," என்று அறிமுகப்படுத்தினார். அவர்களும் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமலே திருத்தினாள்:

"ஏறினது நான். இவளை இழுத்தா."