பலா மரத்தை மிரட்டப் போன கதை

போன வருஷம் மாசி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. எங்க வீட்டுப் பலா மரத்தை மிரட்டணும்.

சிரிக்காதீங்க. முழுசாக் கேளுங்க.

அம்பிட்டியவில நாங்க வீடு கட்டுன வருஷம் வச்ச மரம் அது. பதினொரு வருஷமாச்சு. கூரையைத் தாண்டி வளந்து நிக்குது. நிழல் தருது, காக்காவுக்குக் கூடு கட்ட இடம் தருது, தினம் ரெண்டு கூடை இலை தருது. காய் மட்டும் தந்ததே இல்ல. ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு "என்ன, இன்னும் காய்க்கலையா?"ன்னு கேப்பாங்க. ஏதோ நான்தான் காய்க்காம இருக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பதில் சொல்லுவேன்.

மத்த மரங்க அப்படி இல்ல. பின்பக்கம் ஒரு மாதுளை, ஒரு தேசிக்காய், ஒரு ஒட்டு மா. மூணையும் நானே கைப்பட வளத்தேன். ஆனா அந்த வருஷம் கண்டிப் பக்கம் சரியான வறட்சி. மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. குழாய்த் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள். மேட்டுல இருக்கிற எங்க வீட்டுக்கு வந்து சேர்றப்ப வெறும் காத்துதான் வரும்.

நான் விடல. தேங்கா மட்டையை மரத்தடியில சுத்தி வரப் புதைச்சு ஈரத்தைக் காப்பாத்துனேன். அரிசி கழுவுன தண்ணி, கோப்பை கழுவுன தண்ணி எல்லாத்தையும் வாளியில பிடிச்சேன். "நான் முகம் கழுவுறப்பவும் இப்படி வாளியோட வந்து நிப்பீங்களா?"ன்னு என் மனைவி செல்வி கேட்டா. நிக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சது உண்மைதான்.

காரணம் அந்த ஒட்டு மா. அது அந்த வருஷம்தான் முதல் தடவையாப் பிஞ்சு பிடிச்சிருந்துச்சு. ஒம்பது பிஞ்சு. காலையில ஒரு தடவை எண்ணுவேன், சாயந்தரம் ஒரு தடவை எண்ணுவேன். ரெண்டு நாள் தண்ணி காணலன்னா அதுங்க உதிந்துரும்.

உண்மையில அதுங்களைக் காப்பாத்துனது பக்கத்து வீட்டு விமலசேன அங்கிள். ரிட்டயர் ஆன மனுஷன், நல்ல மனுஷன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் கிணறு. எந்த வெயிலுக்கும் வத்தாது. மோட்டரைப் போட்டு, ஒரு பச்சை ஹோஸை வேலிக்கு மேலால எங்க பக்கம் போட்டுவிட்டிருந்தாரு. தினம் சாயந்தரம் அரை மணி நேரம் தண்ணி. "மல்லி, ஊத்துங்க"ன்னு குரல் வரும். மல்லின்னா சிங்களத்துல தம்பி. நாங்க ரெண்டு பேரும் சிங்களத்துலதான் பேசிக்குவோம், உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

இப்படி இருக்கிறப்பதான் கலஹாவுல இருந்து செல்வியோட அண்ணன் போன் எடுத்தாரு. பேச்சு பலா மரத்துக்கு வந்துச்சு.

"மரத்துக்குப் பயம் வரணும் மச்சான். நீங்க கத்தியத் தூக்கிக்கிட்டு, காய்க்கலன்னா வெட்டிருவேன்னு சொல்லணும். பக்கத்துல ஒருத்தர் நின்னு, வேணாங்க விட்ருங்க, அடுத்த வருஷம் காய்க்கும்னு கெஞ்சணும். அவ்வளவுதான்."

அவங்க தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால நின்ன மரம் இப்படி மிரட்டுன மறு வருஷமே அடி மரத்துல இருந்து காய்ச்சுக் குலுங்குச்சாம். ஒரே ஒரு நிபந்தனை. நடிக்கிறோம்னு தெரியக்கூடாதாம். மரத்துக்கு விளங்கிருமாம்.

இங்கதான் சிக்கல். எனக்கு மிரட்ட வராது. எங்க வீட்டுல என்னைக் கண்டு பயப்படுற ஜீவன் ஒன்னுகூடக் கிடையாது. பரீட்சைக்கு முதல் நாள் மகள் டீவி பாத்துக்கிட்டு இருந்தா. சத்தம் போட்டு அதட்டுனேன். "அப்பா, நீங்க பேசுறதுல டீவி கேக்கல"ன்னுட்டு ரிமோட்ட எடுத்துச் சத்தத்தைக் கூட்டுனா. என் கதிரையில பூனை படுத்திருந்தா நான் போய் ஸ்டூல்ல உக்காருவேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

இருந்தாலும் சனிக்கிழமையே செல்விக்கு வசனம் சொல்லிக் குடுத்தேன். "வேணாங்க, விட்ருங்க, அடுத்த வருஷம் கட்டாயம் காய்க்கும், அதுக்கு நான் பொறுப்பு."

"நான் எதுக்குப் பொறுப்பெடுக்கணும்?"னு கேட்டா.

சரி, அந்தக் கடைசி வரி வேணாம்னு விட்டாச்சு.

ஞாயிறு காலையில சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்குனேன். கையில மச்சான் எப்பவோ விட்டுட்டுப் போன கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடி வெட்டுற கத்தி, பாத்தாலே பயம் வரும். எனக்கு வந்துச்சு. செல்வி விளக்குமாத்தோட பின்னால வந்தா. அந்த நேரம் அவ முத்தம் கூட்டிக்கிட்டு இருந்தா, நான்தான் பாதியில கூப்பிட்டேன். அது என் முதல் தப்பு.

கத்தியத் தூக்குனேன். "பதினொரு வருஷமாச்சு! இந்த வருஷம் காய்க்கலன்னா உன்னை வெட்டிருவேன்!"

குரல் நடுவுல கீச்சுன்னு உடைஞ்சிருச்சு. பரவால்ல. செல்வி பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டுனேன்.

செல்வி மரத்தை அண்ணாந்து பாத்தா. அப்புறம் தான் கூட்டுன முத்தத்தைப் பாத்தா. அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள அங்க புதுசா இருபது இலை விழுந்திருந்துச்சு.

"வெட்டுங்க"ன்னா.

நான் மெதுவா, "ஏய், வசனம்"னேன்.

"வசனம் கிடக்கட்டும். வெட்டுங்க. பதினொரு வருஷமா இந்த இலையக் கூட்டுறது யாரு? கூரைத் தண்ணி ஓடுற பீலி அடைச்சு மழைக்கு அடுப்படி ஒழுகுதே, அதைத் துடைக்கிறது யாரு? நல்ல பலகை. வெட்டி ஒரு அலுமாரி அடிங்க."

அவ நடிக்கல. மரத்துக்கு மட்டும் இல்ல, எனக்கும் விளங்கிருச்சு.

இப்ப கெஞ்சுறதுக்கு ஆள் இல்ல. மிரட்டுனவனே கெஞ்ச வேண்டியதாப் போச்சு. "பாவம், இந்த ஒரு தடவை விட்ரலாம்"னு நானே மரத்துக்காகப் பேசுறேன். "வெட்டப்போறீங்களா இல்லையா?"ன்னு அவ விளக்குமாத்த ஊனிக்கிட்டு நிக்கிறா. சும்மா அவளைச் சமாதானப்படுத்தலாம்னு கத்தியால அடி மரத்துல ஒரு தட்டுத் தட்டுனேன்.

மச்சான் கத்திய நல்லாத் தீட்டி வச்சிருக்காரு. ரெண்டு விரல் ஆழம் இறங்கிருச்சு.

பால் கொட்டுது. கத்தி வரல. பலாப் பால்ல கை பிடியோட ஒட்டிக்கிட்டு, கையும் வரல. ஒரு காலை மரத்துல உதைச்சு ரெண்டு கையாலயும் இழுக்கிறேன். பின்னால செல்வி, "அலுமாரிக்கு ரெண்டு கதவு போதும்"னு சொல்லிக்கிட்டு இருக்கா.

அப்பத்தான் வேலிக்கு மேலால விமலசேன அங்கிளோட தலை தெரிஞ்சுச்சு.

அவருக்குப் பலா மரம்னா உசிரு. சின்ன வயசுல வீட்டுல அரிசி இல்லாத நாள்ல பலாக்காயை அவிச்சுத் தின்னுதான் வளந்தோம்னு அடிக்கடி சொல்லுவாரு. எங்க மரத்தைக்கூடப் போறப்ப வர்றப்ப ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போவாரு.

"அங்கிள், நான் வெட்டல"ன்னேன். கை இன்னும் கத்தியிலதான் இருந்துச்சு. "பயமுறுத்துறேன்."

"யாரை?"

"மரத்தை."

"எதுக்கு?"

"காய்க்கிறதுக்கு."

அவர் ஒரு அடி பின்னால வச்சாரு. தலை மறைஞ்சுச்சு. கொஞ்ச நேரத்துல அந்தப் பச்சை ஹோஸ் எங்க முத்தத்துல இருந்து மெதுவா நகந்து, வேலியேறி, சாரைப்பாம்பு மாதிரி அந்தப் பக்கம் போயிருச்சு.

தேங்கா எண்ணெய் தேச்சுக் கையை மீட்டெடுக்க ஒரு மணி நேரமாச்சு. ஹோஸ மீட்கத்தான் வழி தெரியல. சாயந்தரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுனேன், திறக்கல. உள்ள ரேடியோ மட்டும் பாடிக்கிட்டு இருந்துச்சு.

திங்கக்கிழமை குழாயும் வரல. குளிக்காம அந்த வாளித் தண்ணிய மாமரத்துக்கு ஊத்திட்டு வேலைக்குப் போனேன். பக்கத்து மேசைக்காரர் அன்னைக்கு வேற மேசைக்குப் போயிட்டாரு. செவ்வாய்க்கிழமை காலையில எண்ணுனேன். எட்டு. திரும்ப எண்ணுனேன். ஏழு. ரெண்டு பிஞ்சு கீழ கிடந்துச்சு. கையில எடுத்துப் பாத்தேன். சொன்னா வெக்கம், அழுகையே வந்திருச்சு.

அன்னைக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருந்தேன். பத்து மணிபோல வாசல்ல ஒரு ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. எங்க பிரிவுக்குப் புதுசா வந்த கிராம சேவகர். இளம் பொண்ணு, கையில ஃபைல். பின்னால விமலசேன அங்கிள்.

பலா மரம் வெட்டுறதுக்குப் பெர்மிட் எடுக்கணும்னு தெரியாதான்னு மேடம் கேட்டாங்க. தெரியும்னேன். அப்ப இது என்னன்னு மரத்துல இருந்த வெட்டுக்காயத்தைக் காட்டுனாங்க. மறுபடியும் முதல்ல இருந்து முழுக் கதையையும் சொன்னேன். மச்சான், கத்தி, வசனம், அலுமாரி, எல்லாம். மேடம் பேனாவ மூடிட்டாங்க.

"சரி, செஞ்சு காட்டுங்க."

எப்படி இருக்கும் எனக்கு? அரசாங்க உத்தியோகத்தர் முன்னால ஒரு மரத்தை மிரட்டிக் காட்டணும். கத்திய எடுத்துட்டு வந்தேன். செல்வி பக்கத்துல வந்து நின்னா. "மாங்காயை நெனைச்சுக்கிட்டுச் சரியாச் செய்"னு காதுல சொன்னேன்.

மரத்தைப் பாத்தேன். வாயில வசனம் வரல. அந்த ரெண்டு பிஞ்சு சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அதைத் தொட்டதும் எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தக் கோவம்.

"உன்னாலதான்டா எல்லாம்! பதினொரு வருஷம் சும்மா நின்னுட்டு, காய்க்கிற மரத்தோட தண்ணியையும் கெடுத்துட்டியே! இன்னைக்கு உன்னை விடமாட்டேன்!"

கத்திய ஓங்கிட்டேன். செல்வி ஓடிப் போய் மரத்தைக் கட்டிப்பிடிச்சா. "வேணாங்க! விட்ருங்க! அடுத்த வருஷம் காய்க்கும், நான் பொறுப்பு!" நான் வேணாம்னு விட்ட வரியையும் சேத்தே சொன்னா. அழுதா வேற. அந்த அழுகை நடிப்பு இல்லன்னு பிறகுதான் தெரிஞ்சுச்சு. பலாப் பால்ல அவ தலைமுடி மரத்தோட ஒட்டிக்கிச்சு.

அதுக்குள்ள விமலசேன அங்கிள் பாஞ்சு வந்து என் கையப் பிடிச்சிட்டாரு. "எபா மல்லி, எபா! அடுத்த வருஷம் காய்க்கும்!" வேணாம் தம்பி, வேணாம்னு அந்த மனுஷன் கத்துறாரு.

மேடம் சிரிப்ப அடக்கிக்கிட்டு, இப்ப நீங்களும் சேந்து கெஞ்சிட்டீங்களே, இதைத்தான் இவங்க செஞ்சிருக்காங்க, எங்க அம்மா வீட்டுலயும் இப்படிச் செய்வாங்கன்னாங்க. ஃபைல்ல ஒன்னும் எழுதல.

அங்கிள் என் கைய விட்டாரு. அப்புறம் வீட்டுக்குப் போய் ஹோஸை வேலிக்கு மேலால எறிஞ்சாரு. நாங்க செல்வி தலைக்கு எண்ணெய் தேச்சு முடிக்கிறதுக்குள்ள தண்ணி வந்திருச்சு.

சாயந்தரம் வேலியில மறுபடியும் அந்தத் தலை.

"மல்லி, எங்க பட்டர் புரூட் மரமும் ஆறு வருஷமாச் சும்மா நிக்குது. அந்தக் கத்தியோட ஒருக்கா வர முடியுமா?"

போனேன். அவர் கெஞ்சுனாரு, நான் மிரட்டுனேன். அடுத்த கிழமை மேடம் போன் எடுத்தாங்க. பிலிமத்தலாவையில அம்மா வீட்டு ஜம்பு மரமாம். அதையும் போய் மிரட்டிட்டு வந்தேன்.

இந்த வருஷம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. அங்கிள் வீட்டுப் பட்டர் புரூட் கிளை தாங்காம முட்டுக் குடுத்து நிக்குது. ஜம்பு மரத்தடியில கால் வைக்க இடமில்லன்னு மேடம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து குடுத்தாங்க. போன வருஷத்து ஏழு மாங்காயில அஞ்சு பழுத்துச்சு, முதல் பழத்தை அங்கிளுக்குத்தான் குடுத்தேன். ஞாயித்துக்கிழமையானா யாராவது ஒருத்தர் வந்து, "கத்தி இருக்குதானே?"ன்னு கேட்டு என்னைக் கூட்டிட்டுப் போறாங்க.

எங்க பலா மரம்? இலைதான்.

நேத்து அதுக்குக் கீழ நின்னு, ஊர்ல உள்ள மரமெல்லாம் எனக்குப் பயப்படுது, இதுக்கு மட்டும் என்ன திமிருன்னு செல்விக்கிட்டக் கேட்டேன்.

அவ கூட்டுறதை நிறுத்தல. "அதுங்களுக்கு உங்களைத் தெரியாது. இது பன்னெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தானே நிக்குது."