அப்பாவின் வாட்ச் அசலா என்று கேட்ட தம்பிக்கு

வலியசாலை,
திருவனந்தபுரம்.
ஐப்பசி மாதம், வெளியே மழை.

சிரஞ்சீவி சுமந்துக்கு அக்கா லலிதாம்பாள் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் ஸ்மிதாவும் புனேயில் ஆரோக்கியமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. சௌக்கியம்தான். ஆனால் ரயிலில் நின்றுகொண்டே வந்தவளுக்குக் கடைசி ஸ்டேஷனில் இடம் கிடைத்த மாதிரி ஒரு சௌக்கியம். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்பாய். நான் நீளமாக எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். போனில் பேசலாமென்றால் உன் அத்திம்பேர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "சுமந்தா? என்ன சொல்றான்? வாட்சைப் பத்தியா?" என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் தபாலில் எழுதுகிறேன். கடைசிவரை படி.

நீ கேட்டது என்னவோ ஒரே கேள்விதான். அப்பா போவதற்கு முன்னால் உன் அத்திம்பேர் கையில் கொடுத்த அந்த ஸ்விஸ் வாட்ச் அசலா, டூப்ளிகேட்டா? ஓணத்தன்று வீடியோவில் வந்தாய். இவர் உனக்கு ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்கினார். நீ தலையைக் குனியாமல் மணிக்கட்டைப் பார்த்தாய். "அத்திம்பேர், அதைக் கொஞ்சம் கேமரா கிட்ட காட்டுங்கோ. ஒரிஜினலா இருந்தா அதை வித்து ஒரு ஃப்ளாட்டே வாங்கலாம். ஆனா நம்ம அப்பா ஆச்சே, டூப்ளிகேட்டாவும் இருக்கலாம்" என்று சிரித்தாய். ஸ்மிதா பின்னாலிருந்து, "செக் பண்ணிடுங்கோ அத்திம்பேர், தெரிஞ்சுக்கறதுல என்ன நஷ்டம்?" என்றாள். அதோடு நீங்கள் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டீர்கள். இங்கே இவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பிரதமன் பாயசத்தைத் தொடாமல், வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நஷ்டம் என்று கேட்டாளே, அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

இவருக்கு அந்த வாட்ச் என்னவென்று உனக்குத் தெரியாது. நீ படிப்பு, வேலை என்று சின்ன வயதிலேயே வெளியூர் போய்விட்டாய். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அப்பா இவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே கிடையாது. "மிஸ்டர் ராமசுப்ரமணியன்" தான். பம்பாயில் கப்பல் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் அப்பா. குடிநீர் இலாகாவில் குழாய் உடைந்த இடத்தைத் தேடிக்கொண்டு போகிற மாப்பிள்ளை அவருக்குப் போதவில்லை. ஆனால் அப்பா படுத்த பிறகு அவரைக் குளிப்பாட்டியது, துடைத்தது, ராத்திரி திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் அந்த மிஸ்டர்தான். மாசியில் ஒரு நாள் அப்பா வாட்சைக் கழற்றி, "மிஸ்டர் ராமசுப்ரமணியன், இது உமக்கு" என்று நீட்டினார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. இவர் வெளியே வந்து குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுகிற மாதிரி அழுதார். அன்றிலிருந்து குளிக்கும்போது தவிர அது கையை விட்டு இறங்கினதில்லை. நீ சிரித்துவிட்டுப் போன பிறகு இறங்கியது.

முதலில் யூட்யூப். யாரோ ஒருவன் இங்கிலீஷில், அசல் என்றால் செகண்ட் முள் வழுக்கிக்கொண்டு போகும், டூப்ளிகேட் என்றால் தத்தித் தத்திப் போகும் என்று சொல்லிவிட்டான். நான் ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். "லலிதா, இங்க வா, இது வழுக்கறதா, தத்தறதா?" நான் போய்ப் பார்த்தால் வழுக்குகிறது. "நன்னா பாரு." நன்றாகப் பார்த்தால் தத்துகிறது. இதற்குள் அடுப்பில் பால் பொங்கிப் போயிற்று. அடுத்த நாள் வேறு ஒருவன், அசல் கனமாக இருக்கும் என்றான். கடுகு நிறுக்கிற தராசில் வாட்ச் ஏறியது. அதற்கு அடுத்த நாள் இன்னொருவன், அசலை இருட்டில் பார்த்தால் முள் பச்சையாக ஒளிரும் என்றான். பட்டப்பகலில் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது பக்கத்து வீட்டு பிஜி சர்க்கரை கேட்க வந்து நின்றுகொண்டிருந்தாள். அறுபது தாண்டிய தம்பதி ஸ்டோர் ரூமிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தால் என்ன விளக்கம் சொல்வது? வாட்ச் பார்த்தோம் என்றேன். அவள் "ஓ" என்று நீளமாகச் சொல்லிவிட்டு, சர்க்கரை வாங்காமலே போய்விட்டாள்.

பிறகு சாலைக் கடைத்தெரு. முதல் கடைக்காரன் லிபின் என்று ஒரு பையன். வாட்சைப் புரட்டிப் பார்த்து, "சாரே, இது நூறு சதமானம் ஒரிஜினலாணு. கொடுக்குன்னுண்டோ? நான் எடுத்தோளாம்" என்றான். இவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஆனால் வாங்கிக்கொள்கிறேன் என்கிறவன் ஏன் உயர்த்திப் பேச வேண்டும் என்று ஒரு சந்தேகம் வந்து, எதிர்க் கடைக்குப் போனார். அங்கே இருந்த கிழவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "டூப்ளிகேட். வெறுதே கையில வச்சிண்டு என்ன பண்ணப் போறீர்? என்கிட்ட போட்டுட்டுப் போம்" என்றார். டூப்ளிகேட் என்றால் அவருக்கு எதற்கு என்று அங்கேயும் சந்தேகம். ஒருத்தர் அசல் என்று பறிக்கப் பார்க்கிறார், இன்னொருத்தர் போலி என்று பறிக்கப் பார்க்கிறார் என்று சொல்லி, வாட்சை வேஷ்டி மடியில் முடிந்துகொண்டு, பஸ்ஸில் வயிற்றைப் பிடித்தபடியே வந்து சேர்ந்தார். கண்டக்டர் வயிற்றுவலி என்று நினைத்து சீட்டு காலி பண்ணிக் கொடுத்தாராம்.

அடுத்தது பைபாஸ் ரோட்டில் இருக்கிற பெரிய மால். உன் கல்யாணத்துக்கு வாங்கின பேண்டு இடுப்பில் ஏறவில்லை, ஆனாலும் ஏற்றினார். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட ஒருவன், காபி கொண்டுவர ஒருத்தி. கோட்டுப் போட்ட பையன் வாட்சைக் கையால் தொடக்கூட இல்லை. "சார், பில்லும் பெட்டியும் இல்லாமல் நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் குடும்பத்தில் வந்தது எப்போதுமே ஒரிஜினல்தான் சார்" என்று இங்கிலீஷில் சொன்னானாம். இவர், "அப்படின்னு எழுதித் தருவேளா?" என்று கேட்டிருக்கிறார். அவன் இன்னொரு காபி கொடுத்து அனுப்பிவிட்டான்.

இதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துபோயிற்று. பிஜி சொன்னாளோ, பஸ்ஸில் யாராவது பார்த்தார்களோ, தெரியாது. தினமும் சாயங்காலம் இரண்டு பேர், "மாமி, அந்த வாட்சைக் கொஞ்சம் காட்டுங்கோ" என்று வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். கோயில் கமிட்டியிலிருந்து ஆறுமுகசாமி வந்து, "உற்சவத்துக்கு ஒரு நாள் அன்னதானம் உங்க பேர்ல எழுதிடட்டுமா? இனிமே உங்களுக்கென்ன மாமா" என்றார். இவருக்குத் திருட்டு பயம் பிடித்துக்கொண்டது. வாட்சைப் பெருங்காய டப்பாவில் ஒளித்து வைத்தார். எந்தத் திருடனும் அங்கே தேட மாட்டானாம். அதன் பிறகு கட்டிக்கொண்டு எங்கே போனாலும் ரசம் வாசனை. பிரதோஷத்தன்று சந்நிதியில் இவர் கையைத் தூக்கிக் கும்பிட்டபோது முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "ஆத்துல இன்னிக்கு விசேஷமா?" என்று கேட்டார்.

இந்த நேரத்தில்தான் நீ ஒத்தாசை பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, கொச்சியில் வாட்ச் பரிசோதிக்கிற கம்பெனி ஒன்றை உன் பேரில் புக் பண்ணினாய். உன்னைக் குறை சொல்லவில்லை. இவர் வாட்சைப் பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, கூரியர்காரன் வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்றார். அப்புறம் வந்த நாட்களை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மணி பார்க்கக் கையைத் திருப்புவார். வெறும் கை. அதில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். சாப்பாடு குறைந்துபோயிற்று. ஒரு நாள் மத்தியானம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "லலிதா, உங்கப்பா என்னைப் பத்தி என்னதான் நினைச்சிண்டிருந்தார்?" என்று கேட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இவர் அதைக் கேட்டதில்லை. "என்னத்துக்கு இப்ப அது?" என்றேன்.

"இல்லை. அசல்னா என்னை மதிச்சுக் கொடுத்தார். டூப்ளிகேட்னா, பின்னே, இவனுக்கு இது போரும்னு கொடுத்தாராக்கும்."

எனக்கும் தெரியாதே, சுமந்து. கீரையையே ஆய்ந்தேன்.

கொச்சியிலிருந்து ஸ்ரீலட்சுமி என்கிற பெண் போன் பண்ணினாள். பாவம், மெதுவாகத்தான் சொன்னாள். உள்ளே இருக்கிற மெஷின் அந்த ஸ்விஸ் கம்பெனியுடையது இல்லை, டூப்ளிகேட்தான், ரிப்போர்ட் பின்னால் மெயிலில் வரும், வருத்தமாக இருக்கிறது சார் என்றாள். இவர், "சாரமில்லை மோளே" என்று, பரவாயில்லை அம்மா என்கிற மாதிரி, மலையாளத்தில் சொல்லிப் போனை வைத்தார். பிறகு கொல்லைக்குப் போய், மழை பெய்துகொண்டிருக்கும்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். வாட்ச் கூரியரில் திரும்பி வந்தது. டின்னைப் பிரிக்கவே இல்லை. அலமாரி மேல் அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார், இந்தாரும் உம்முடையது என்று திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. போனவரிடம் சண்டை போட முடியாது. கல்பாத்தியில் இருக்கிற பத்மஜா சித்தியைக் கூப்பிட்டேன். அவளுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கத்த வேண்டியிருந்தது.

"சித்தி! அப்பாவோட வாட்ச் டூப்ளிகேட்டாம்! தெரியுமா உனக்கு?"

சித்தி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "அதுவா? அது டூப்ளிகேட்னு குடும்பத்துக்கே தெரியுமே! என் கல்யாணத்துக்கு வரச்சே பம்பாயில பிளாட்பாரத்துல வாங்கிக் கட்டிண்டு வந்தார். சம்பந்தி ஆத்துக்காரா முன்னாடி மிடுக்கா இருக்கணுமோன்னோ?"

"அப்போ அதைப் போய் இவருக்கு என்னத்துக்குக் கொடுத்தார்?"

"அதையும் நான் கேட்டேனே. கொடுத்த மறுநாளே போன்ல சொன்னார். சுமந்துக்குக் கொடுத்தா மறுநாளே கொண்டுபோய்க் கடையில காட்டிடுவான். என் மானம் போயிடும். மாப்பிள்ளை அப்படியில்லை. நான் கொடுத்தா ஒரு கேள்வி கேக்காம கட்டிப்பார். அவர்கிட்ட இருந்தாத்தான் அது வாட்சுன்னார்."

திரும்பிப் பார்த்தால் இவர் வாசற்படியில் நிற்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறார். "மாப்பிள்ளைன்னா சொன்னார்?" என்றார். "சித்தி, மாப்பிள்ளைன்னா சொன்னார்?" என்று நான் கத்தினேன். "பின்னே? என்கிட்ட எப்பவும் மாப்பிள்ளைன்னுதான் சொல்லுவார்" என்றாள் சித்தி.

இவர் டின்னை எடுத்துப் பிரித்து, வாட்சைக் கட்டிக்கொண்டார். "கேட்டியோ, ஒரு கேள்வி கேக்கமாட்டேன்னு நம்பினாராக்கும். நான் சாலைக் கடைத்தெரு முழுக்கக் கேட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வந்து நான் முதுகைத் தட்டுகிறவரைக்கும் நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கையை நீட்டி, "டூப்ளிகேட்! மாமனார் கொடுத்தது!" என்று இவரே சொல்லிக்கொண்டு போனார். அன்றோடு காபிக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அன்னதானம் வேறு யார் பேருக்கோ போயிற்று. பெருங்காய டப்பாவில் பெருங்காயம் இருக்கிறது. இவர் மூன்று வேளையும் சாப்பிடுகிறார், படுத்தால் தூங்குகிறார். நானும் தூங்குகிறேன்.

ஆகையால் தம்பி, வாட்ச் டூப்ளிகேட். ஃப்ளாட் கிடையாது. இனி வீடியோவில் வந்தால் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசு, மணிக்கட்டைப் பார்க்காதே. இந்தப் பேச்சு இதோடு முடிந்தது. ஸ்மிதாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் தரும்படி வலியசாலை மகாதேவரை வேண்டிக்கொண்டு, களைத்துப்போன கையோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அக்கா
லலிதாம்பாள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. இவர் காய்கறி வாங்கப் போயிருக்கிறார், நான் எடுத்தேன். கொச்சி ஸ்ரீலட்சுமி. பெரிய தப்பு நடந்துவிட்டதென்று ஒரே அழுகை. "சாரி மேம், வலிய தெற்று பற்றிப்போயி. அதே வாரம் திருவனந்தபுரத்திலிருந்து ரெண்டு வாட்ச் வந்தது. வாட்ச் மாறலை, ரிப்போர்ட் மாத்ரம் மாறிப்போயி." டூப்ளிகேட் என்றது கவடியாரில் ஒரு டாக்டருடைய வாட்சாம். நம்முடையது அசல். சாதாரண அசல்கூட இல்லையாம், இப்போது கிடைக்காத வகையாம். "மேமுக்கு சந்தோஷமில்லையா?" என்று கேட்டாள். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால், நம் அம்மா ஒரு கைக்குட்டை அதிகமாக வாங்கினாலே ஒரு வாரம் பேசமாட்டாள். அவளிடம் அப்பா வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பிளாட்பாரம் என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவந்தவர், அம்மா போன பிறகும் அந்தப் பொய்யைக் கழற்றவில்லை. அசலை வாங்கிப் போலி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் உலகத்திலேயே நம் அப்பா ஒருவர்தான் இருப்பார். திருத்தின ரிப்போர்ட் பத்து நாளில் உன் மெயிலுக்கு வருமாம், அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும். வந்தால் சந்தோஷத்தில் இவருக்குப் போன் பண்ணிவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், அக்கா விழக்கூடாது என்றாலும். நானே இவரிடம் சொல்வேன், சொல்லாமல் இருக்க மாட்டேன். ஆனால் கொஞ்ச நாள் போகட்டும், நான் கொஞ்சம் தூங்கிக்கொள்கிறேன். இதோ ஜன்னல் வழியாகத் தெரிகிறது, இவர் வருகிறார். ஒரு கையில் பை. குடையைப் பிஜிக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. கொட்டுகிற மழையில் வாட்ச் கட்டின கையை வீசிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வருகிறார். அது நனைகிறது. நனையட்டும்.