ரேடியோவுக்கு ஒரு டயோடு

"டப்!"

மேசைமேல் இருந்த சின்ன டயோடு இரண்டாகப் பிளந்தது.

"போச்சா?" சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"போச்சு," என்றார் ஓய்வுபெற்ற லாரி டிரைவர்.

"போனா போகுது. ஏன் போச்சுன்னு சொல்லுங்க, கேக்கறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளுடைய ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கும் டப்பா புகைந்துபோயிருந்தது. அவர் ஊர் ஊராக வண்டி ஓட்டிய காலமெல்லாம் வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை அந்த ரேடியோதான். அது ஊமையாகக் கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. புது டப்பா வாங்கலாம் என்றால், "நீங்க செஞ்சு குடுத்தாத்தான் கேப்பேன்" என்றுவிட்டாள். வேலையை விட்டதிலிருந்து ஜன்னலோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனிதர், அந்த டப்பாவை, அதாவது ஸ்விட்சிங் பவர் சப்ளையை, தானே செய்ய எழுந்தது அப்படித்தான்.

"கரண்டை ஒரு பக்கம் விடணும், திரும்பி வந்தா மறிக்கணும். டயோடுக்கு இதான் வேலை. இது நோஞ்சான், லோடு தாங்கல. டயர் வெடிச்சா பெரிய டயர் போடறதில்லையா?"

ரேடியோ சாமான் கடையில் கொஞ்சம் தடித்த டயோடாகக் கேட்டார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, கேட்டதையே கொடுத்தார்.

அது வெடிக்கவில்லை; புகைந்தது. டப்பாவின் மூடி உருகி மேசைவிரிப்போடு ஒட்டிக்கொண்டது. மனைவி விரிப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்புறம்?" என்றாள். அவர் விளக்க ஆரம்பித்து, பேச்சு எங்கெங்கோ போய், மலைப்பாதையில் மழையில் டயர் வெடித்த கதையில் வந்து நின்றது.

"அடப்பாவமே! இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே!"

"நீ கேட்டாத்தானே?"

அடுத்து, கடையில் இருந்ததிலேயே குண்டான டயோடு வந்தது. அது போகும்போது கட்டிடத்தின் கரண்டையே கையோடு கூட்டிக்கொண்டு போனது.

மேல்வீட்டுக்காரர், துவைக்கிற மெஷினில் பாதியில் நின்ற ஈரத்துணியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தார். வாசலில் நிற்கத்தான் பார்த்தார். கூடையின் கனம் விடவில்லை. கூடத்தைத் தாண்டி, பீரோவில் முட்டித்தான் நின்றார்.

"மனுஷனாய்யா நீ? என் துணிய எவன் அலசுவான்?"

டிரைவர் துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் சார்!"

"என்னது?"

"ஏம்மா, இது டயர் விஷயமே இல்ல, பிரேக் விஷயம்! டப்பாக்குள்ள கரண்ட் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஆயிரம் தடவை போய்ப் போய் நிக்குது. குண்டு டயோடு சார் கூடை மாதிரி. நில்லுன்னா பீரோ வரைக்கும் போகுது! சட்டுனு பிரேக் பிடிக்கிற வேகமான டயோடுதான் வேணும்!"

மனைவியின் முகம் ஏனோ வாடியது. "இன்னிக்கே வாங்கணுமா?"

அவர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

"வேகமான டயோடு இருக்கா தம்பி?"

கடைக்காரர் ஒரு இழுப்பறையை முழங்கையால் மெல்லச் சாத்தினார். "அது வந்துண்ணே..."

"இருக்கா, இல்லையா?"

"நிறைய இருக்கு."

"அப்ப முதல்லயே குடுக்கறதுக்கென்ன? இத்தனை நாளா பவர் சப்ளைக்குன்னுதானே கேட்டேன்?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணி போன் பண்ணி, சரியான டயோடை மட்டும் உங்க கையில குடுத்துடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்கண்ணே. ரேடியோ பேச ஆரம்பிச்சா, நீங்க பேசறதை நிறுத்திடுவீங்களாம்!"