கண் சிமிட்டச் சொன்னது அரசாங்கம்

எனக்கென்று ஒரே ஒரு ரகசியமாவது வேண்டும் என்று ஐம்பதாவது பிறந்தநாளன்று சபதம் எடுத்தேன். மற்றவர்களுக்கு இது சாதாரணம். தாட்சாயிணியின் கணவனுக்கு இது விண்வெளிப் பயணம்.

என் பெயர் இளங்கோ. சென்னை, பாடியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். அங்கே பத்தாயிரம் போல்ட் நட்டுக்கு நான் பொறுப்பு. முகப்பேர் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டால் டிவி ரிமோட்டுக்குக்கூடப் பொறுப்பில்லை. என் பேங்க் மெசேஜ் முழுவதும் மனைவி போனுக்குத்தான் போகும். கேன்டீனில் ரெண்டாவது வடைக்கு ஜிபே பண்ணினால் அடுத்த நிமிஷம் போன் வரும். "ஒண்ணோட நிறுத்திக்கோங்கன்னு சொன்னேனா இல்லையா?"

மூன்று வருஷம் முன்பு, கம்பெனிக் கூட்டுறவு சங்கத்தைக் கலைத்து, ஆளுக்கு அறுபதாயிரம் ரொக்கமாகக் கொடுத்தார்கள். ரொக்கத்துக்கு மெசேஜ் கிடையாது! அப்படியே பிட்காயினில் போட்டேன். முழுக் காயின் இல்லை. தேங்காயில் ஒரு பத்தை மாதிரி, ஓரத்தில் ஒரு கீற்று.

என் பேரில் வாங்கினால் லாபத்தில் முப்பது சதவீதம் வரி. ஆபீஸில் வருமானவரி ஃபாரம் நிரப்புகிறவன் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. சம்பாத்தியமே இல்லாத இல்லத்தரசியை எந்த அரசாங்கம் எட்டிப் பார்க்கும்? தாட்சாயிணியின் பான் கார்டு. அவளுடைய ஆதார். கேஸ் மானியத்துக்காகத் திறந்து அவளே மறந்துபோன பேங்க் கணக்கு. போன் நம்பர் மட்டும் என்னுடைய ரெண்டாவது சிம். போட்டோவுக்கு, என் தங்கை கல்யாணத்தில் அவள் முறைத்துக்கொண்டு நின்ற படம். ஆக, டெல்லி அரசாங்கம், வீட்டு அரசாங்கம் இரண்டையும் ஒரே நாளில் ஏமாற்றிய குடிமகன் நான்.

ரகசியம் என்றால் யாரிடமாவது சொல்லவேண்டாமா? எங்கள் ஃபிளாட் வாசலில் ஆட்டோ போடும் துலுக்கானத்திடம் சொன்னேன்.

"இது சுதந்திரப் பணம் துலுக்கானம். இதுக்குத் தலைவர் கிடையாது. ஆபீஸ் கிடையாது. எந்தச் சட்டமும் தொட முடியாது."

"அப்ப காணாம பூட்ச்சின்னா யாராண்ட சார் போய்க் கேக்கறது?"

"யார்கிட்டேயும் கேக்க முடியாது. அதுதான் அதோட பெருமை."

"எங்க ஏரியாவுல ஒரு சீட்டுக் கம்பெனி கீது சார். அதுக்கும் இப்ப தலைவர் இல்ல, ஆபீசும் இல்ல."

அறியாமை. மன்னித்துவிட்டேன்.

வீட்டிலும் ஒருநாள் ஆழம் பார்த்தேன். "தாட்சு, பிளாக்செயின் பத்திக் கேள்விப்பட்டிருக்கியா?"

"கருப்புச் செயின் எனக்கு எதுக்குங்க? தங்கத்துல வாங்கிக் குடுங்க."

சந்தேகமே இல்லை, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த வருஷம் சட்டம் தொட்டுவிட்டது. பிட்காயின் வாங்கிய எக்ஸ்சேஞ்சிலிருந்து மெயில். அரசாங்கத்தின் புது விதிப்படி, பழைய போட்டோ செல்லாது. கணக்கு வைத்திருப்பவர் கேமரா முன்னால் உயிரோடு தோன்றவேண்டும். கண் சிமிட்டவேண்டும். தலையைத் திருப்பவேண்டும். பதினைந்து நாளுக்குள் செய்யாவிட்டால் ஒரு ரூபாய் வெளியே வராது.

அன்றைய தேதிக்கு என் தேங்காய்ப் பத்தை மூன்று லட்சம். அதில் ஒரு புல்லட் வாங்கி, யாரிடமும் சொல்லாமல், தன்னந்தனியாகப் பக்கத்திலிருக்கும் நெமிலிச்சேரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரவேண்டும் என்பது என் வாழ்நாள் கனவு. அந்தக் கனவு இப்போது தாட்சாயிணியின் இரண்டு இமைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

முதல் முயற்சி சமையலறையில். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அழகா இருக்கே, ஒரு போட்டோ" என்று போனை நீட்டினேன். இருபத்துநாலு வருஷத்தில் முதல்முறையாக அழகு என்றதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன தப்புப் பண்ணீங்க?" என்றாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். 'முகம் தெளிவாக இல்லை' என்றது எக்ஸ்சேஞ்சின் ஆப்.

இரண்டாவது முயற்சி ஞாயிறு மதியம். பிரியாணி உறக்கத்தில் இருந்தாள். மெதுவாகப் போனை முகத்துக்கு மேலே கொண்டுபோனேன். இமையை விரலால் நானே தூக்கிவிட்டு இறக்கலாம் என்பது திட்டம். விரல் படுவதற்குள் ஆப் வாயைத் திறந்தது. "தயவுசெய்து கண்களைத் திறக்கவும்!" என்று கோயில் மைக் மாதிரி ஒரு பெண்குரல்.

தாட்சாயிணி கண்களைத் திறந்தாள்.

"யாருங்க அவ?"

"கொசு."

"தமிழ் பேசுற கொசுவா?"

ஒரு வாரம் ஓடிவிட்டது. நேரடியாக இறங்கினேன். "தாட்சு, கண் பரிசோதனைக்குப் புதுசா ஒரு ஆப் வந்திருக்கு. இலவசம். கண்ணைச் சிமிட்டினா பவர் சொல்லிடும்."

மறுப்பாள் என்று நினைத்தேன். "இருங்க, வரேன்" என்று உள்ளே போனாள். அரைமணி கழித்துப் பட்டுப்புடவையில் வந்தாள். தலையில் மல்லிகைப்பூ வேறு.

"கண் டெஸ்டுக்கா பட்டுப்புடவை?"

"கண்ணு நல்லதைப் பார்க்கட்டுமேன்னு."

சிமிட்டினாள். இடது பக்கம் திரும்பினாள். வலது பக்கம் திரும்பினாள். 'புன்னகைக்கவும்' என்றது ஆப்.

"உங்களைப் பார்த்துக்கிட்டே எப்படிங்க சிரிக்கிறது?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தாள். 'சரிபார்ப்பு வெற்றி' என்று பச்சையில் டிக் விழுந்தது. எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது. குதிப்பதற்குள் அடுத்த வரி வந்தது. 'ஆதாரில் பதிந்த எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டுள்ளது.'

மேஜைமேல் இருந்த அவள் போன் டிங் என்றது.

"கண் டெஸ்டுக்கு எதுக்குங்க ஓ.டி.பி.?"

"அது... கண்ணாடி டெலிவரிக்கு."

"ஓ! இருங்க, நானே அடிக்கிறேன்."

என் கையிலிருந்து போனை வாங்கினாள். அடித்தாள். அவள் போனிலும் என்னவோ அடித்தாள். என் போனில் ஒரு வாசகம் வந்தது. 'உங்கள் கணக்கு வேறு போனில் திறக்கப்பட்டுள்ளது. நன்றி, தாட்சாயிணி.'

"கண்ணு பளிச்சுனு தெரியுதுங்க. மூணு லட்சத்து நாலாயிரம். கடைசி சைபர் வரைக்கும் தெரியுது."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத்தான் அரசாங்கத்தைப் பிடிக்காது. எனக்கு அது பாசமா மெசேஜ் அனுப்புது. 'உங்க பான் நம்பர்ல கிரிப்டோ வாங்கியிருக்கீங்க, கணக்குக் காட்டுங்க'ன்னு ரெண்டு மாசம் முன்னாடியே வந்துடுச்சு. உங்க சம்பளத்துலதான் ஊறுகாயே வாங்கறவ நான். எனக்கு எங்கேருந்து பிட்காயின்?"

"அப்பவே ஏன் கேக்கலை?"

"புது ரூல்ல என் முகம் வேணும்னு பேப்பர்ல படிச்சேன். நீங்களா வருவீங்கன்னு புடவையை அயர்ன் பண்ணி வெச்சேன்."

"தாட்சு, அது என் பணம்!"

"போய் அரசாங்கத்துக்கிட்ட சொல்லுங்க. 'வரிக்குப் பயந்து பொண்டாட்டி முந்தானையில ஒளிச்சு வெச்சேன் சார்'னு."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்களுக்குன்னு அறுபதாயிரம் வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருந்தா தந்திருப்பேங்க. என் பேரை எடுத்தீங்க, போட்டோவை எடுத்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

அப்போதே பிட்காயினை விற்றுவிட்டாள். ரவிக்கையில் ஆரி எம்பிராய்டரி சொல்லித்தரும் வகுப்பு நடத்த, மார்க்கெட் பக்கம் ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறாளாம். அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாளாம்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஆண்மை விழித்துக்கொண்டது. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! இத்தனை நாள் சட்டம் கூடாது என்றவன் சட்டத்தைத் தேடிக் கிளம்பினேன்.

"பூந்தமல்லில முஸ்தகீம்னு ஒரு ஆடிட்டர் கீறாரு சார். கிரிப்டோ கேசெல்லாம் பிரிச்சி மேஞ்சிடுவாரு. ஏறு" என்றான் துலுக்கானம். வழியே கேட்காமல் நேராக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

முஸ்தகீமுக்கு முப்பது வயது இருக்கும். தங்கமான பிள்ளை. உட்காரவைத்து டீ கொடுத்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"காசு யாரோடதுண்ணே?"

"என்னோடது. சங்கத்து ரசீதே இருக்கு."

எழுதிக்கொண்டார்.

"அக்கா கணக்குல போட்டது யாரு?"

"நான்தான். என் சொந்த மூளை!"

எழுதிக்கொண்டார்.

"பதிலுக்கு அவங்க உங்களுக்கு ஏதாவது தந்தாங்களா?"

"கல்யாணம் ஆனதிலிருந்து எதுவும் தந்ததில்லை தம்பி. நல்லா அழுத்தி எழுதுங்க."

அழுத்தி எழுதினார். காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"ரொம்ப நன்றிண்ணே. இது எழுத்துல இல்லாமத்தான் தவிச்சுக்கிட்டு இருந்தேன். புருஷன் எதையும் எதிர்பார்க்காம பொண்டாட்டி கணக்குல போட்ட காசு அன்பளிப்பு. அது அவங்களுது. ஆனா அதுல வர்ற லாபத்தைச் சட்டம் புருஷன் வருமானத்தோடதான் சேர்க்கும். அதனால முப்பது சதவீத வரி நீங்கதான் கட்டணும். எழுபத்தஞ்சாயிரத்துக்கிட்ட வரும்."

"நான் போட்டதே அறுபதாயிரம்தானே!"

"கையெழுத்து இங்கண்ணே. போடலைன்னா, ஏன் வேற பேர்ல வாங்கினீங்கன்னு ஆபீசர் கேப்பாரு."

போட்டேன். பேனாவை மூடும்போதுதான் மண்டையில் உறைத்தது. "தம்பி, நீங்க யாரோட ஆடிட்டர்?"

"அக்காவோட ஆடிட்டர்தாண்ணே. ரெண்டு மாசமா. துலுக்கானம் ஆட்டோலதான் வருவாங்க."

எழுந்தேன். கௌரவமாக வெளியேறுவதற்காகச் சட்டைப் பையில் கைவிட்டு, "டீக்கு எவ்வளவு?" என்றேன்.

"டீக்கு வேணாம்ணே. என் ஃபீஸைத்தான் அக்கா உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாங்க."