தலைதீபாவளிக்குத் தகடு

செஞ்சி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை எழிலன் அவர்களுக்கு மாமனார் செல்லப்பன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை அம்மாக்கண்ணு, முன்கூட்டியே வந்துவிட்ட அமலா எல்லோரும் சுகம். நீங்கள் விட்டுவிட்டுப் போன ஜீப் மட்டும் சுகமில்லை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை. வாட்சப்பில் போட்டால் நீங்கள் படித்துவிட்டது தெரியும், பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் கடிதம்.

தலைதீபாவளிக்கு மோதிரம் போடுகிறேன் என்றதற்கு, "மோதிரம்லாம் வேணாம் சார், ஜீப்புக்கு ஸ்கிட் பிளேட் வாங்கிக் குடுங்க போதும்" என்றீர்கள். பாறையில் ஓட்டும்போது சஸ்பென்ஷன் அடிபடாமல் காக்கிற இரும்புத் தகடு அது என்று அமலா விளக்கினாள். தகடு பெரிதில்லை, அந்த 'சார்'தான் உறுத்தியது. கல்யாணத்திலிருந்து ஒருமுறைகூட நீங்கள் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை. சில்லறை கேட்கிற பயணி மாதிரி சார், சார் என்றால் ரிட்டயர்டான கண்டக்டருக்கு எப்படி இருக்கும்? தகட்டை நானே பொருத்தி நிறுத்தினால் வாய்நிறைய மாமா என்பீர்கள் என்று நினைத்தேன். ஆசை யாரை விட்டது.

பார்சல் வந்தது. சீர் என்றால் சீர்தான் என்று உங்கள் அத்தை இரண்டு தகடுகளையும் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, பூவும் சுற்றினாள். பக்கத்து வீட்டு தனகோட்டி வந்து பார்த்துவிட்டு, "இன்னாது, தோசைக்கல்லா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை காலை, திண்டிவனம் ரோட்டில் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற வெல்டர் பாவாடையிடம் ஜீப்பை ஓட்டிப்போனேன். அவர் ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினார், சக்கரங்கள் தொங்கின. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று விசிலடிக்காத குறையாக நான் விரட்டினேன். பார்சலில் இருந்த படத்தில் தகட்டைச் சக்கர அச்சோடு மட்டும்தான் பற்றவைத்திருந்தார்கள். பாவாடைக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. ஒரு முனையில் மட்டும் வெல்டு வைத்த கேட்டை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. "ஆடக் கூடாது சார். ஆடுச்சின்னா எம்பேரு கெட்டுடும்" என்று தகட்டிலிருந்து சேசிஸ் என்கிற அடிச்சட்டம் வரைக்கும் இரும்புப் பட்டை கொடுத்து, இரண்டு பக்கமும் அழுத்தமாகப் பற்றவைத்தார். நானும் பலமாகத் தலையாட்டினேன். வண்டிக்குள்ளேயே காலம் தள்ளியவன் மாப்பிள்ளை நான், வண்டிக்கு அடியில் ஆட வேண்டியது எது, ஆடக் கூடாதது எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜாக்கியை எடுத்தார். அச்சும் அடிச்சட்டமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டதில் ஸ்பிரிங் அமுங்க வழியில்லை, ஜீப் இறங்கவில்லை. எழுந்திருக்கப் பார்க்கிற பசு மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. ஒரு இஞ்சு இறங்கவில்லை பார்த்தீர்களா என்று பாவாடை பெருமைப்பட்டார். பூஜை போட்டு வரலாம் என்று நானும் உங்கள் அத்தையும் பனமலைக் கோயிலுக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு பள்ளமும் உச்சந்தலைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது. அத்தையின் மடியிலிருந்த அதிரசமெல்லாம் மாவாகிவிட்டது. "இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம்" என்று பாதி வழியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் பஸ்ஸில் வந்து, பலகாரம் சாப்பிட்டு, பஸ்ஸிலேயே திரும்பிவிட வேண்டும். ஜீப் இருக்கும் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது. நண்பர்களோடு போவதாகச் சொன்ன பாறைத் தடம் எங்கும் ஓடிவிடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். மோதிரமே போட்டுவிடுகிறேன். நடந்ததில் பாதிக் குற்றம் பாவாடையுடையது, மீதி ராகுகாலத்துடையது.

நீங்களும் அமலாவும் நோய்நொடி இல்லாமல், மேடு பள்ளம் தெரியாமல் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
செல்லப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நீங்களே வந்து நிற்கிறீர்கள். அமலா அன்றைக்கே எல்லாவற்றையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டாளாம். இப்போது நீங்கள் கட்டிங் மிஷினோடு ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கிறீர்கள், கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. திட்டு வாங்கத் தயாராகக் கதவோரமே நின்றேன். அடியிலிருந்து குரல் வந்தது: "மாமா, டார்ச்ச கொஞ்சம் இந்தப் பக்கம் புடிங்க." மேலே எழுதியது எதையும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். மோதிரமும் கிடையாது. நான் டார்ச் பிடிக்கப் போகிறேன்.