பீரோவுக்கு மேலே பழைய பேப்பர்

ஞாயிற்றுக்கிழமை காலை. மிசோ சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்த மொச்சிசூகி குனியோ கிண்ணத்தை டொக்கென்று வைத்தார். போருக்குப் புறப்படுகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

“நோபுயே, இன்னிக்கு நம்ம பீரோவை அசையாம நிறுத்தப் போறேன்.”

மனைவி நோபுயே முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தபடி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஷிசுவோகாவில் பிறந்த குழந்தைக்குப் பெரிய பூகம்பம் வரப்போகிறது என்று சொல்லித்தான் சோறு ஊட்டுவார்கள். அந்த ஊரில், படுக்கை அறையில், அவள் தலைமாட்டுக்கு நேரே ஆளை விட உயரமான மர பீரோ நிற்கிறது. அதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று பதினோரு வருஷமாகக் கேட்கிறாள். ‘வாடகை வீடு, சுவரில் ஒரு ஆணி இறங்கினால் வீட்டுக்காரர் என் தோலை உரிப்பார்’ என்பது பதினோரு வருஷமாக இவர் பதில். இவர் படுப்பது ஜன்னலோரம். பீரோ விழுந்தால் காற்று கூட இவர் மேல் படாது.

பெண்டாட்டி மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்தால், மன்னிக்கவும், உங்களுக்கும் குனியோவுக்கும் அதிக வித்தியாசமில்லை. விஷயம் வேறு. இவருக்கு மாடல் பைத்தியம். துண்டு துண்டாக டப்பாவில் வரும், ஒட்டினால் கப்பலாகவோ ரயிலாகவோ ஆகுமே, அந்த பிளாஸ்டிக் மாடல். வாங்குவார். ஒட்ட மாட்டார். ரிட்டயர் ஆனதும் ஒட்டுவாராம். ஏழு வருஷத்துக்கு முன், “இனி ஒரு டப்பா உள்ள வந்தா நான் வெளிய போவேன்” என்று நோபுயே சொன்னாள். அன்றிலிருந்து இந்த மகாவீரர் வாங்கியதையெல்லாம் தேயிலைக் கம்பெனியில் தன் இரும்பு அலமாரிக்குள் ஒளித்தார். மொத்தம் முப்பத்தெட்டு. அதில் ஒன்று பழைய நீராவி எஞ்சின். இப்போது யாரும் தயாரிப்பதில்லை, இருபது வருஷம் தேடிப் பிடித்தது. இந்த மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். அலமாரியைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

பீரோவுக்கும் சீலிங்குக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. அதைப் பார்த்ததும் மனுஷனுக்கு மூளையில் பல்பு எரிந்துவிட்டது.

“எப்படி நிறுத்துவீங்களாம்?” என்றாள் நோபுயே.

“அட்டைப் பெட்டியை சீலிங் வரைக்கும் அடுக்கிடுவேன். பீரோ முன்னால சாய இடமே இருக்காது. ஓட்டையும் இல்ல, ஆணியும் இல்ல.”

“எதுக்கு அவ்வளவு பாடு? முட்டுக்கம்பி விக்கறாங்க. ரெண்டு வாங்கி பீரோவுக்கும் சீலிங்குக்கும் நடுவுல முறுக்கி விட்டா முடிஞ்சுது.”

குனியோவுக்கு சூப் புரையேறியது.

கம்பி உதவாது என்று நிரூபித்தே தீர வேண்டும். அன்று மத்தியானமே இரண்டு வாங்கி வந்தார். சீலிங்கைத் தட்டித் தட்டிப் பார்த்து, சட்டம் ஓடாத பொள்ளலான இடமாகத் தேடிப்பிடித்து, கம்பியை நிறுத்தி முறுக்கினார். பலகை வயிறு உப்பி மேலே எழும்பியது. இருபது வருஷத்துத் தூசி அத்தனையும் அவர் தலையில் கொட்டியது.

“பார்த்தியா? இன்னும் ஒரு சுத்து சுத்தினா மாடி வீட்டுக்குப் போயிடும்” என்றார், இருமிக்கொண்டே, வெற்றிக் களிப்பில்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சுகியாமா எட்டிப் பார்த்தார். பேட்டையின் பூகம்பப் பாதுகாப்புப் பொறுப்பாளர். ஹெல்மெட் இல்லாமல் காய்கறிக் கடைக்குக்கூடப் போகாதவர்.

“என்ன மொச்சிசூகி சார், கம்பிக்கு மேல குறுக்கா ஒரு பலகை குடுத்தீங்கன்னா சீலிங்குக்கு ஒண்ணும் ஆகாதே. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.”

“பலகை எல்லாம் வேணாம் சார். பெட்டி அடுக்கலாம்னு இருக்கேன்.”

“அதுவும் நல்லதுதான். ஆனா உள்ள கெட்டியா அடைச்சிருக்கணும். வெறும் பெட்டின்னா நசுங்கிடும். உள்ள என்ன வைக்கப் போறீங்க?”

நோபுயேயும் திரும்பினாள். “ஆமா, என்ன வைக்கப் போறீங்க?”

“பழைய பேப்பர்.”

“நம்ம வீட்லதான் பேப்பரே வாங்கறதில்லையே?”

“ஆபீஸ்ல கிடக்கு. மலை மாதிரி. தூக்கித்தான் போடப் போறாங்க. நான் கேட்டு வாங்கிட்டேன்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு” என்றாள் நோபுயே. அவ்வளவுதான் சொன்னாள். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியவனுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே விஷயம் புரிந்திருக்க வேண்டும். இவருக்குப் புரியவில்லை.

ஆறு நாள், ஆறு பெட்டி. சாயங்காலம் சாயங்காலம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தார். மூலைக்கு மூலை டேப். கடைசிப் பெட்டியில் எஞ்சின். அதைத் தூக்கிக் கொடுக்க நோபுயேயே வந்தாள். ஸ்டூலை வேறு பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, பேப்பர் இவ்வளவு லேசாவா இருக்கும்?”

“பழசாக ஆக ஈரம் வத்திடும்ல.”

“அப்படியா. கொஞ்சம் கடகடங்குது.”

“அது... பேப்பருக்கு நடுவுல கிளிப் போட்டிருப்பாங்க.”

“அடேயப்பா, ஆபீஸ்காரங்க எவ்வளவு ஒழுங்கு” என்றாள் அவள்.

காதில் பூ சுற்றிவிட்டோம் என்று மனுஷன் அன்று குளியல் தொட்டியில் பாட்டே பாடினார். அதற்கப்புறம் பத்து நாள் ஆபீஸ் போனார், பூங்கொத்து வாங்கினார், சாவியைக் கொடுத்தார், ரிட்டயர் ஆனார். பகல் முழுக்க நோபுயேயும் வீட்டில், இவரும் வீட்டில். டேப்பைப் பிரிக்க வழியில்லை. படுக்கை அறை வாசலில் நின்று பெட்டிகளை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார். பீரோ எப்படி நிற்கிறது என்று பார்க்கிறேன் என்பார்.

ஏப்ரலில் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு நிலம் ஆடியது. பெரிசாக ஒன்றுமில்லை, அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுத்தன, விளக்கு ஊசலாடியது. பீரோ அசையவே இல்லை. குனியோ தெரு முழுக்க நடந்து நடந்து சொன்னார். சுகியாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

சுகியாமா பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார். “அருமை சார். கல்லு மாதிரி அடைச்சிருக்கீங்க.”

கல் மாதிரி என்றதும் சந்தேகப்படத் தெரிந்தவர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவர் தலையைத் தாழ்த்தி நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் நோபுயே தன் அக்காவோடு அத்தாமிக்கு வெந்நீர் ஊற்றுக்குப் புறப்பட்டாள். மூன்று நாள். அரிசி களைந்து வைத்திருக்கிறேன், கேஸை மூட மறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பஸ் தெருமுனை திரும்பியதா இல்லையா, குனியோ ஸ்டூல் மேல் நின்றார். பசை, கத்தரி, உப்புத்தாள் எல்லாம் மேஜையில் தயார். அறுபத்தைந்து வயசு மனுஷன் சின்னப் பையன் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஆறாவது பெட்டியை இழுத்தார். வரவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தார். பெட்டியும் அவரும் சேர்ந்து பாயில் விழுந்தார்கள்.

டேப்பைக் கிழித்தார். உள்ளே அவருடைய ஆபீஸ் கோட்டுகள். நாற்பது வருஷத்துக் கோட்டுகளை மிதித்து மிதித்து அடைத்திருந்தது. அடுத்த பெட்டியில் மெத்தை உறை. அதற்கடுத்ததில் திரைச்சீலை. ஆறையும் கொட்டிக் கவிழ்த்தார். ஒரு சக்கரம் கூட இல்லை. நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது.

போனை எடுத்தார்.

“நோபுயே, அந்தப் பெட்டிங்க...”

“ஐயோ, சொல்ல மறந்தே போயிட்டேன். நீங்க கடைசியா ஆபீஸ் போன வாரத்துல சுகியாமா சார் வந்து அமுக்கிப் பார்த்தார். உள்ள இருக்கறது கெட்டியா இல்ல, நசுங்கும்னு சொன்னார். அதான் மாத்தி அடைச்சேன். பூகம்பத்துல பார்த்தீங்கல்ல, எப்படி நின்னுதுன்னு.”

“அந்தப் பேப்பர்?”

“போட்டுட்டேன்.”

“எங்க?”

“ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு கடை இருக்கே, பழைய பொம்மை, ரயில் எல்லாம் வாங்குவாங்களே, அங்க. என்ன மரியாதைங்கறீங்க, டீ எல்லாம் குடுத்தாங்க. எஞ்சின் படம் போட்ட பேப்பரைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்தே நின்னுட்டார்.”

குனியோ பாயில் கிடந்த கோட்டுகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்க, ஏன் கேக்கறீங்க? அதுல பேப்பரைத் தவிர வேற ஏதாவது வச்சிருந்தீங்களா?”

“இல்ல. பேப்பர்தான்” என்றார்.

“அப்ப சரி. இங்க ரூம்லேர்ந்தே கடல் தெரியுது, சாப்பாட்டுக்கு முழு இறால் வைக்கறாங்க. அக்கா இன்னும் ரெண்டு நாள் இருக்கலாம்ங்கறா. ஆபீஸ்ல இன்னும் பழைய பேப்பர் கிடக்கான்னு போய்க் கேட்டுப் பாருங்களேன்.”